கடனட்டை வர எத்தனை நாள்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், நீங்க கிரெடிட் காட் எடுத்தீங்களாமே, எத்தன நாள்ல வந்த?" ஒவ்வொருவருக்கும் இடைவேளையில் சொல்லி முடிக்க முடியவில்லை, மணி அடித்துவிடுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: பத்து வேலை நாள் என்று வங்கியில் சொன்னார்கள். எனக்கு 53 நாள் எடுத்தது. இரண்டும் உண்மை. அது எப்படி என்பதுதான் மிச்சக் கதை.

எந்த வங்கி, எந்தக் கிளை என்று இன்பொக்ஸில் வந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே கவுண்டரில் இருந்த தங்கச்சி என்னிடம் படித்த பிள்ளை. அவளால் முடிந்ததை அவள் செய்தாள்.

முதலில், எனக்கு எதற்குக் கடனட்டை? எங்கள் உம்மாவுக்குக் காது கேட்பது குறைந்து நாலைந்து வருடம். ஆரம்பத்தில் நாங்கள் அதைக் காதுக் கோளாறு என்றே எடுக்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு உம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார், கவலையில் இருக்கிறார் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் "பால் வேணுமா" என்று கேட்டால் "எந்த ஆளு?" என்று திருப்பிக் கேட்கிறார். காதுப் பரிசோதனை செய்தவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வயது போகும்போது பெரும்பாலும் முதலில் கேட்காமல் போவது உச்சமான ஒலிகள்தான். 'ஆ', 'ஊ' போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்தவை, அவை காதுக்கு வந்து சேரும். ச, ஸ, ஃப, த, க என்று சொல்லுக்கு உருவம் கொடுக்கும் மெல்லிய ஓசைகள் வராது. ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. நாங்கள் கத்திக் கத்திப் பேசியதில் பயனில்லாமல் போனது அதனால்தான். உம்மாவுக்கு வலது காதில் 60 டெசிபலைத் தாண்டினால்தான் ஏதாவது கேட்கிறது. சாதாரணமாக இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கதைக்கும் சத்தமே ஏறக்குறைய 60 டெசிபல்தான்.

இதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது பாங்கு விஷயம். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் கூப்பிடு தூரம். உம்மா ஐந்து நேரமும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "பாங்கு செல்லிட்டாங்களா மகள்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பதில் சொல்லிச் சலித்துப்போய், "இன்னும் இல்ல" என்று கையாலேயே காட்டத் தொடங்கினார்கள். உம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். தனியே மணிக்கூட்டின் முன்னால் கதிரையைப் போட்டு உட்காரத் தொடங்கினார். சென்ற வருட நோன்பில் ஒரு நாள் எல்லோரும் நோன்பு திறந்து பத்து நிமிடத்துக்குப் பிறகும் உம்மா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். யாரும் சொல்லவில்லை, எல்லோரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தோம்.

இரண்டு காதுக்கும் கருவி இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. இதைவிடக் குறைந்ததும் இருக்கிறது. ஆனால் பரிசோதித்தவர் உம்மாவின் வரைபடத்துக்கு இதுதான் சரி என்றார். அரசாங்க ஆசிரியர் ஒருவர் இந்தக் காசைத் திரட்ட என்னென்ன வழி இருக்கிறதோ அத்தனையையும் யோசித்தோம். அக்ரஹார காப்புறுதியில் கலியாணம் முடித்தவர்களுக்குக் கணவனும் பிள்ளைகளும்தான், உம்மா சேரமாட்டார். இடர்கடன் ஏற்கனவே எடுத்து வீட்டுக் கூரைக்குப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் 4.2 வீத வட்டி இருக்கிறது என்பதை நம்மில் பலர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம், அது வேறு கதை. ஆசிரியர்கள் சேர்ந்து போடும் சீட்டில் என் முறை வர இன்னும் ஏழு மாதம். உம்மா தன் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார். அடகுக்கும் வட்டிதானே, அதோடு வாப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த நகை அது. எடுத்து உம்மாவின் கையில் திரும்பப் போட்டுவிட்டேன்.

மிச்சமிருந்த வழி கடையில் ஒட்டியிருந்த அறிவித்தல்தான்: கடனட்டை இருந்தால் 12 மாதத் தவணை, வட்டி பூச்சியம்.

வீட்டில் பெரிய பிரச்சினை இதில்தான் வந்தது. என் கணவர் "வட்டிக் காட் ஒன்றை வீட்டுக்குள்ள கொண்டு வரணுமா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் அதை ஒரு வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பகுதி மௌலவியிடம் இரண்டு பேரும் போனோம். அவர் அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அறிஞர்களிடையே இதில் இரண்டு கருத்து இருப்பதை விளக்கினார். ஒப்பந்தத்திலேயே "பிந்தினால் வட்டி" என்று எழுதிக் கையொப்பம் வாங்குவதால் அதில் நுழைவதே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். வட்டி விழுவதற்கு முன் முழுவதையும் கட்டிவிட முடியும் என்ற உறுதியுள்ளவருக்குத் தேவையின்போது ஆகும் என்பவர்களும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டு எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "மாசா மாசம் தவறாமக் கட்டுவீங்களா? ஒரு மாசம் சம்பளம் பிந்தினா என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்விக்கு வீட்டில் இருந்து கணக்குப் போட்டோம். நான் கணித ஆசிரியை, பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் படிப்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வருடத்துக்கு 28 வீதம் என்று உச்ச வரம்பு போட்டது. வரம்பே அவ்வளவு! அந்த வீதத்தில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 5,600 ரூபா. மாதக் கூற்றின் அடியில் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள், அதைக் கட்டினால் போதும் என்று நினைக்க வைக்கும். அதுதான் குழி. அதைக் கட்டுகிறவருக்கு வட்டி நிற்பதில்லை. ஆகவே முழுத் தொகையும் என் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கப்படும்படி நிலையான கட்டளை கொடுப்பது, ஒரு மாதத் தவணைக் காசு எப்போதும் கையில் ஒதுக்கி வைத்திருப்பது, கருவியைத் தவிர வேறொன்றுக்கும் அட்டையை நீட்டுவதில்லை என்ற மூன்று முடிவோடு கணவர் சம்மதித்தார். மூன்றாவதை அவரே ஒரு கடதாசியில் எழுதி என்னிடம் ஒப்பம் வாங்கினார். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றிய வசனம்தானே குர்ஆனிலேயே நீளமான வசனம் என்று நானும் சிரித்துக்கொண்டு வைத்துக் கொடுத்தேன்.

"பூச்சிய வட்டி" பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரரிடம் "காசுக்கு எடுத்தால் என்ன விலை?" என்று கேட்டேன். 2,28,000 என்றார். அப்படியென்றால் தவணைக்கு 12,000 ரூபா கூட. அந்தப் பூச்சியத்துக்குள் இருப்பது அதுதான். வங்கிக்குக் கடைக்காரர் கொடுக்கும் கூலி நம் விலையில் ஏறியிருக்கிறது. காசு விலை வேறு, தவணை விலை வேறு என்று விற்பவர் முதலிலேயே சொல்லி, இரு தரப்பும் ஒரு விலையில் பொருந்திக்கொண்டால் அது வியாபாரம் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள் என்று மௌலவி சொன்னார். எனக்கு மனம் ஆறியது. ஆனாலும் நீங்கள் எதை வாங்கப் போனாலும் காசு விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

சரி, இனி நாட்கணக்கு. பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்தேன். ரஜப் மாதம் பிறை நாலில் முதல் முதலாக வங்கிக்குப் போனேன். நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, பத்து வேலை நாளில் வந்துவிடுமே என்ற நிம்மதியோடுதான் போனேன்.

பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. வங்கி மூடுவது மூன்று மணிக்கு. இந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள்தான் ஓர் ஆசிரியை தன் உலக அலுவல் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். வேண்டிய ஆவணங்களைத் தங்கச்சி ஒரு துண்டில் எழுதித் தந்தாள். அடையாள அட்டைப் பிரதி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பள உறுதிக் கடிதம், விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு பட்டியல். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில். அவள் பக்கத்தில் இருந்து நிரப்ப உதவினாள். ஒரு காலத்தில் அவளுக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்தவள் நான்!

சம்பள உறுதிக் கடிதத்தை அதிபர் தர முடியாது, அது வலயக் கல்வி அலுவலகக் கணக்குக் கிளையில்தான் எடுக்க வேண்டும். அந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் விடுமுறையில். பக்கத்து மேசைக்காரர் "அவர் வந்தாத்தான்" என்றார். ஆறு நாள்.

விலாசம் அடுத்தது. எங்கள் கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு வாப்பா வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டார். உறுதி என் பெயரில், மின்சாரப் பட்டியல் மட்டும் இன்னும் வாப்பாவின் பெயரில். வாப்பா மௌத்தாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் மாதா மாதம் அவர் பெயருக்குப் பட்டியல் வருகிறது. பெயரை மாற்றாமல் வைத்திருப்பதில் உம்மாவுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது, நாங்களும் வற்புறுத்தவில்லை. வங்கிக்கு அது விளங்காது, விளங்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நாள். கிராம உத்தியோகத்தர் படிவத்தை நிரப்பும்போது வாப்பாவின் பெயரைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்தி, "நல்ல மனிசன்" என்றார்.

பதினொரு நாள் போய்விட்டது. பத்து வேலை நாள் என்ற கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை! கவனியுங்கள், வங்கி நாளை எண்ணத் தொடங்குவது எல்லாக் கடதாசியும் சேர்ந்த பிறகுதான்.

கிளையிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர மூன்று நாள். அங்கே அட்டைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கிளை முகாமையாளருக்குக்கூட அதில் அதிகாரமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்து வந்த முதல் கேள்வி: அடையாள அட்டையில் 'பாத்திமா' ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் இன்னொரு மாதிரி, இருவரும் ஒருவர்தானா? நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருந்ததைப் பாடசாலையில் ஒருவர் ஆங்கிலமாக்கினார், அடையாள அட்டைக்கு இன்னொருவர், நியமனக் கடிதத்துக்கு வேறொருவர். என்னுடையது பழைய ஒன்பது இலக்க அட்டை. அதில் பிறந்த வருடமும் இருக்கிறது, வருடத்தின் எத்தனையாம் நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016இல் இருந்து வந்த பன்னிரண்டு இலக்கத்திலும் இதே முறைதான். ஆக, நான் யார், எப்போது பிறந்தேன், ஆணா பெண்ணா என்பதெல்லாம் ஓர் இலக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதே இலக்கம் சம்பளச் சீட்டிலும் இருக்கிறது. இருந்தும் சமாதான நீதிவான் முன்னால் சத்தியக் கடதாசி. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சமாதான நீதிவான் இருப்பது இதுபோன்ற நேரத்தில்தான் உதவுகிறது. நாலு நாள்.

இன்னொரு வேடிக்கை. அட்டையின் காந்தப் பட்டியில் பெயருக்கு ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குத்தான் இடம். வாப்பாவின் பெயரும் லெப்பையும் பாத்திமாவும் என் பெயரும் இடைவெளிகளும் சேர்த்து எண்ணினால் எனக்கு 33. வாப்பா முதலெழுத்தானார்.

பெரிய தாமதம் அடுத்தது. கடன் தகவல் பணியகம், நாம் எல்லோரும் 'கிரிப்' என்கிறோமே, அது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிறுவனம். பலர் நினைப்பதுபோல அங்கே கறுப்புப் பட்டியல் எதுவும் இல்லை. இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று அது சொல்வதும் இல்லை. நாம் எங்கே என்ன கடன் எடுத்தோம், எப்படிக் கட்டினோம் என்று வங்கிகள் அனுப்புவதைச் சேர்த்து, கேட்கும் வங்கிக்குக் காட்டும். முடிவெடுப்பது வங்கி. ஒருவர் தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்கவும் முடியும். ஆனால் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நாம் எடுத்த கடன் மட்டுமல்ல, பிணைக்குக் கையொப்பம் வைத்த கடனும் அதில் வரும்.

நான் ஒரு ராத்தாவுக்குப் பிணை வைத்திருந்தேன். ஒரே பாடசாலையில் எட்டு வருடம் பக்கத்து வகுப்பு. அவரின் கணவருக்குக் கடல் தொழில். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடும், கியூவில் நின்றாலும் கிடைக்காது. அந்த வருடம் அந்த ராத்தாவின் தவணை மூன்று மாதம் பிந்தியது. பிறகு ஒரு சதம் விடாமல் கட்டி முடித்துவிட்டார். கடன் முடிந்தது, பிந்திய மூன்று மாதம் அறிக்கையில் இருந்தது. என் பெயருக்கு நேரே.

அட்டைப் பிரிவு கேட்டது, அந்தக் கடன் முடிந்துவிட்டது என்று மற்ற வங்கியிடமிருந்து கடிதம். கடன் எடுத்தவர்தான் அதைக் கேட்க வேண்டும். ராத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் தொலைபேசியில் அவர் அழுதுவிட்டார். "என்னால உங்கட உம்மாவுக்கு..." என்று சொல்லி முடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பஸ் ஏறிப் போய் வங்கி வாசலில் நின்றார். அந்தக் கடிதம் அவர்களின் தலைமையகத்திலிருந்து வர வேண்டுமாம். அவர் மூன்று தடவை போய்வந்தார். எல்லாமாகப் பதினான்கு நாள். ஆசிரியர் அறையில் சிலர், "இதுக்குத்தான் யாருக்கும் கையெழுத்து வைக்கக் கூடாது என்கிற" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்த ராத்தாவுக்கு இன்றைக்குத் தேவையென்றாலும் வைப்பேன். 2019இல் வாப்பாவின் ஜனாஸா வீட்டில் மூன்று நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார் என்பது எனக்குத் தெரியும், கிரிப்புக்குத் தெரியாது.

பிறகு தொலைபேசி அழைப்பு. நான் இங்கே வேலை செய்கிறேனா என்று உறுதிப்படுத்தக் கொழும்பிலிருந்து பாடசாலைக்கு எடுத்திருக்கிறார்கள். நான் தரம் 10இல் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் யாருமில்லை, எங்கள் காவலாளி நானா தொலைபேசியை எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் சிங்களத்தில் என் பெயரைச் சொல்லி, டீச்சர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். நானாவுக்குத் தெரிந்த சிங்களத்தில் அவர் மரியாதையாகச் சொன்ன பதில், "நெஹெ." அலுவலகத்தில் இல்லை என்ற அர்த்தத்தில்! அங்கே "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று பதிவாகிவிட்டது. தங்கச்சி எனக்கு எடுத்து, "டீச்சர், நீங்க அந்த ஸ்கூல்ல இல்லையாமே?" என்றபோது எனக்கு ஒரு நிமிடம் உண்மையாகவே நெஞ்சு படபடத்தது. பன்னிரண்டு வருடம் நான் எங்கே போய்வந்தேன்? இரண்டாவது அழைப்பு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் அதிபர் தொலைபேசியைத் தன் மேசைக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். நானா இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு சலாம் சொல்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். அனுமதி கிடைக்க ஏழு நாள், இடையில் ஒரு போயா. அச்சிட்டு அனுப்ப ஐந்து நாள். கூரியர் தம்பி வந்த நேரம் நான் வகுப்பில், தொலைபேசி பைக்குள் மௌனமாக. அட்டைக்கு உரியவர் அடையாள அட்டையோடு நேரில்தான் வாங்க வேண்டும் என்பதால் உம்மாவிடம் கொடுக்கவில்லை. அவர் வாசலில் நின்று என்ன சொன்னார் என்பதும் உம்மாவுக்குக் கேட்கவில்லை, "ஏதோ பிள்ளைகள்ட சாமான் போல" என்றார். அது கிளைக்குத் திரும்பிப் போய், நான் எடுக்க மூன்று நாள். தங்கச்சி உறையைத் தந்தபோது கொப்பியைத் திறந்து கூட்டினேன். 53.

அதில் வங்கி தன் வேலையைச் செய்த நாட்களை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தேன். மூன்றும் ஏழும் ஐந்தும் பதினைந்து. வார இறுதிகளையும் போயாவையும் கழித்தால் பத்து வேலை நாளுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மற்ற 38 நாளும் நான் நான்தான் என்று காட்டுவதற்குப் போனது.

கொழும்பில் தனியார் கம்பனியில் வேலை செய்யும் என் கலாசாலைத் தோழியின் கணவருக்கு அதே அட்டை ஐந்து நாளில் வந்ததாம். அவரின் சம்பளம் அதே வங்கிக்குத்தான் போகிறது, அலுவலகத்திலிருந்தே பட்டியலாக விண்ணப்பித்தார்கள், பெயரும் ஏழெழுத்து. நிலையான வைப்பு வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் இன்னும் கெதியாகக் கிடைக்கும் என்றும் தங்கச்சி சொன்னாள். கடன் தேவையில்லாதவருக்குக் கடன் சுறுக்காகக் கிடைக்கிறது. 1958இல் அமெரிக்காவில் பிரஸ்னோ என்ற ஊரில் ஒரு வங்கி, கேட்காமலே அறுபதினாயிரம் பேருக்குத் தபாலில் அட்டையை அனுப்பி வைத்ததாம். அங்கிருந்துதான் இன்றைய விசா வளர்ந்தது. விண்ணப்பமும் இல்லை, சத்தியக் கடதாசியும் இல்லை. பலர் கட்டாமல் விட்டு, மோசடியும் நடந்து, கேட்காதவருக்கு அனுப்புவதை 1970இல் அங்கேயே தடை செய்தார்கள். அந்த ஊரில் காவலாளி நானா மாதிரி ஒருவர் இருந்திருந்தால் வங்கிக்கு நட்டம் குறைந்திருக்கும்.

எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு புத்தி: விண்ணப்பிக்க முதல் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், பெயர் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று பிசகினாலும் சரிப்படுத்திக்கொண்டு போங்கள். அது மட்டும் செய்திருந்தால் பதினெட்டு நாள் மிச்சம்.

உறையைப் பிரித்தால் கடன் எல்லை இரண்டு இலட்சம். கருவி இரண்டு இலட்சத்து நாற்பது! நான் சிரித்துவிட்டேன். சீட்டில் முறை முந்தியிருந்த ஒரு டீச்சர் தன் முறையை எனக்கு விட்டுத் தந்தார். அதிலிருந்து அறுபதாயிரம் கையில் கட்டி, மிச்சம் 1,80,000க்குப் பன்னிரண்டு தவணை, மாதம் பதினையாயிரம். ஷஃபான் முடிய இரண்டோ மூன்றோ நாள் இருக்கும்போது கடையில் அட்டையை நீட்டினேன். இதுவரை அதை நீட்டிய ஒரே தடவை அதுதான். கருவியைச் சரிப்படுத்திக் காதில் பொருத்தியது நோன்பு ஐந்தில்.

கண்ணாடி போடுவதுபோல உடனே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை, மூளை பழக வேண்டுமாம். முதல் கிழமை உம்மாவுக்குச் சொப்பிங் பேக் கசங்குவது இடிபோலக் கேட்டது. பைப்பை யார் திறந்து விட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், திறந்துதான் இருந்தது. சின்ன மகன் முணுமுணுக்கும் பழக்கத்தை விட வேண்டி வந்தது. அன்று மஃரிபுக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம். முதலில் பக்கத்துப் பள்ளி, பிறகு சந்திப் பள்ளி, அதற்குப் பின்னால் கடற்கரைப் பக்கம், ஒன்றன் மேல் ஒன்றாக. உம்மா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இத்தன பள்ளியிலயும் ஒண்டாச் செல்றாங்களே, முந்தியும் இப்படித்தானா?" என்றார்.

நாலு தவணை முடிந்துவிட்டது, எட்டு இருக்கிறது. கருவிக்குப் பற்றரி ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை. அதைக் காசுக்குத்தான் வாங்குகிறோம், கணவர் எழுதிய கடதாசியில் பற்றரியைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும்.